மூணாம் கிணத்துச் சிவப்புத் துணி

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், படகு வந்து அணைய ஜெட்டிப் பாலம் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். ஆனால் சங்கை நம்பி யாரும் வேலைக்குக் கிளம்பியதில்லை. எல்லோரும் கிணறுகளைத்தான் பார்ப்பார்கள். மூன்று கிணறுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மூங்கில் கம்பம். கம்பத்தில் அழகேசன் கட்டியிருப்பது வெள்ளைத் துணியா சிவப்புத் துணியா என்று பார்த்துவிட்டுத்தான் பெண்கள் குடத்தைத் தூக்குவார்கள், ஆண்கள் கான்கிரீட் மிக்சர் மெஷினை ஓட்டுவார்கள்.

முதலில் ஒரு கரும்பலகைதான் வைத்திருந்தார்கள். வங்காளிகளும் தெலுங்குக் கொத்தனார்களும் ராஞ்சியிலிருந்து வந்த கூலிகளும் தமிழர்களும் கலந்து கிடந்த முகாமில் பலகையை எந்த பாஷையில் எழுதுவது? ஹிந்தியில் எழுதினால் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தமிழில் எழுதினால் மீதிப் பாதிக்குத் தெரியாது. ஒருநாள் ராஞ்சிக்காரர்கள் பலகையில் எடுக்காதே என்று எழுதியிருந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த பிறகு, அழகேசன்தான் தன் பழைய வேட்டியைக் கிழித்து இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். வெள்ளை என்றால் எடுக்கலாம். சிவப்பு என்றால் தொடாதே. இதற்குப் படிப்பு வேண்டாம்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பரமக்குடிக்குத் தெற்கே, ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கிற ஊர்களில் ஒன்றில் பிறந்தவர். அந்தப் பக்கத்து ஆட்கள் தண்ணீரை வெறுமனே உப்பு, நல்லது என்று இரண்டாகப் பிரிப்பதில்லை. உவர் வேறு, சவர் வேறு, கடுக்கல் வேறு, சப்பென்று இருப்பது வேறு. கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்து, மஸ்டர் ரோலில் பெயர் ஏறிய தினக்கூலியாக மண் சுமந்துகொண்டிருந்தபோது, ஒரு வேலைத்தளத்தில் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு, "சார், இதுல சிமெண்ட் கலக்காதீக" என்று சொல்லப்போய், சோதித்துப் பார்த்த இன்ஜினியர் அசந்துபோனார். அன்றோடு மண் சுமப்பது நின்றது. ஒன்பது வருஷமாக எந்தத் தளத்தில் வேலை நடந்தாலும் தண்ணீர்ப் பொறுப்பு அழகேசனுக்கு. முகாமில் எல்லோருக்கும் அவர் 'பானி பாபு', தண்ணீர் அதிகாரி.

பாபு என்று பெயர்தான். விடிவதற்கு முன் எழுந்து மூன்று கிணற்றிலும் கயிறு விட்டு ஆழம் பார்க்க வேண்டும். மேட்டில் இருந்த முதல் கிணறு குடிக்கவும் சமைக்கவும். ஆறு வெள்ளைக் கிண்ணங்களில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவாகப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, அரைமணி பொறுத்து மருந்து விட்டு, எந்தக் கிண்ணத்தில் நீலம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்தக் கணக்கில் கிணற்றுக்குப் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டும். இரண்டாம் கிணறு குளிக்க, துவைக்க. மூன்றாவது கடற்கரையை ஒட்டித் தென்னைகளுக்கு நடுவே இருந்தது. அந்தத் தண்ணீர் கான்கிரீட் கலக்க மட்டும். வாளி கழுவாமல் விடுகிறவனைத் திட்ட வேண்டும். கிணற்றடியில் பல் விளக்குகிறவனைத் துரத்த வேண்டும். "பானி பாபு, தண்ணியில ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்று தினமும் நாலு பாஷையில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ரிஜிஸ்தரில் எழுதி ஜூனியர் இன்ஜினியரான ஜே.இ.யிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருநாள் தவறாமல் செய்தால் யாருக்கும் நினைவிருக்காது. ஒருநாள் தவறினால் முகாமே பேதியில் விழும். அந்த அலுப்பு அவர் தோளில் ஏறி உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது.

மூன்றாம் கிணற்றுக்குச் சோதனை மருந்து ஒன்று இருந்தது, பழுப்பு நிறப் பாட்டிலில். இரண்டு சொட்டு விட்டால் உப்பிருக்கிற தண்ணீர் பால்போலத் திரளும். அந்தப் பாட்டில் தை மாதத்திலேயே காலி. ஸ்டோர் கீப்பர் நசீருதீன் இரண்டு தடவை போர்ட் பிளேருக்கு மருந்து கேட்டு இண்டென்ட் சீட்டு அனுப்பிவிட்டார்.

"பாய், மருந்து வந்துச்சா?" என்று வெள்ளிக்கிழமை படகு வரும்போதெல்லாம் அழகேசன் கேட்பார்.

"ஆணி வந்திருக்கு, அரிக்கேன் கண்ணாடி வந்திருக்கு, யாரும் கேட்காத மம்பட்டி இருபத்தினாலு வந்திருக்கு. உங்க மருந்து மட்டும் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துல இன்னும் படகு ஏறலையாம்" என்பார் நசீருதீன். "உங்களுக்கு எதுக்குண்ணே மருந்து? அல்லாஹ் உங்களுக்கு வாய்க்குள்ளயே ஒரு லேபாரட்டரி கொடுத்திருக்கானே."

ஜே.இ. குருநாதனும் அதையேதான் சொன்னார். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கத்துப் பையன், தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், வயது இருபத்தாறு. தமிழும் ஹிந்தியும் அவர் வாயில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும். "அரே, மருந்து வர்ற வரைக்கும் உங்க நாக்குதான் டெஸ்ட், அழகேசன். பக்கா" என்று சொல்லி, அதை அப்படியே ரிஜிஸ்தரிலும் எழுத விட்டார். அதோடு நிற்கவில்லை. அழகேசனை ரெகுலர் வேலையில் எடுக்க வேண்டும் என்று போர்ட் பிளேருக்கு ஒரு சிபாரிசும் எழுதியிருந்தார். தண்ணீரைத் தரம் பிரிப்பதில் இவருக்கு நிகர் தீவுகளிலேயே இல்லை என்று அதில் எழுதியிருப்பதைப் படித்தும் காட்டினார்.

ரெகுலர் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குவார்ட்டர்ஸில் குழாய் இருக்கும். போர்ட் பிளேரில் ஒரு தகரக் கொட்டகையின் ஒண்டுக் குடித்தனத்தில் அவர் மனைவி மரகதம் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். தெருக் குழாயில் வரிசை. மூன்று குடத்துக்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். 'ஊருக்கெல்லாம் தண்ணி காட்டுற மனுசன் வீட்ல குடம் காலி' என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சிரிப்பு அவருக்குத்தான் குத்தும்.

மாசியில் அழகேசனுக்கு மலேரியா வந்தது. பதினோரு நாள் குளிரிலும் காய்ச்சலிலும் கிடந்தார். கொயினா மாத்திரை போட்டுப் போட்டு காதில் வண்டு இரைந்தது. எழுந்து நடமாடியபோது வாயில் ஒரு ருசியும் இல்லை. காய்ச்சல்காரனுக்கு வாய் கசப்பது வழக்கம்தானே, நாலு நாளில் சரியாகும் என்று இருந்தார். நாலு நாள் பதினாலானது. வெற்றிலை போட்டால் காரமில்லை. கருவாடு மரத்தூளாக இருந்தது. மூன்றாம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் தண்ணீர் என்று தெரிந்தது, எந்தத் தண்ணீர் என்று தெரியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நினைத்த அன்றைக்குத்தான் குருநாதன் வந்து, "சிபாரிசு மேலே போயிடுச்சு. அடுத்த மாசம் ஆர்டர் வந்திரும்" என்றார். இன்னும் ஒரு மாதம். அதற்குள் நாக்கும் திரும்பிவிடும். இப்படித்தான் அவர் தன்னையே சமாதானம் செய்துகொண்டார். தினமும் கை நிறைய அள்ளி, வாயில் கொப்பளித்து, மேலே பார்த்து யோசிக்கிற மாதிரி நின்று, துப்பிவிட்டு, வெள்ளைத் துணியைக் கட்டினார். முதல் கிணறு பற்றிக் கவலை இல்லை, கெட்டால் முகாமே கத்தும். மூன்றாம் கிணற்றை வாயில் வைப்பது உலகத்திலேயே அவர் ஒருவர்தான். போன வருஷம் பங்குனியில் இந்தக் கிணறு நன்றாகத்தானே இருந்தது என்ற ஞாபகத்தை வைத்து ஓட்டினார். போன வருஷம் மிக்சர் மெஷின் ஒன்று, இந்த வருஷம் இரண்டு. இறைப்பும் இரட்டிப்பு என்பது அவர் மனதில் படவே இல்லை.

அதுவரை ஒரு மாதம் கரையில் கம்பி இல்லாத ரோட்டுக் கான்கிரீட் வேலைதான் ஓடியது. பங்குனி இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை, ஜெட்டியின் மூன்றாவது தூணுக்கு முதல் கட்டக் கான்கிரீட் போட்டார்கள். மறுநாள் காலையில் முகாம் சமையல்கட்டில் ஒரு குளறுபடி. சமையல் பங்கஜம் கஞ்சிக்கு உப்புப் போட்டுவிட்டு விறகு எடுக்கப் போயிருந்தாள். கூட வேலை செய்கிற தங்கம், அக்கா மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று தானும் இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டாள். வரிசையில் முதலில் நின்ற தெலுங்குக் கொத்தனார் ஒரு வாய் வைத்ததும் "உப்பு! உப்பு!" என்று குதித்தார். பின்னால், சர்தார் என்று கூப்பிடப்பட்ட வங்காளி மேஸ்திரி துப்பிவிட்டு, "அரே தீதி, சமுந்தர் கோ உபாலா க்யா?" என்றார்.

"கடலைக் காச்சி ஊத்தினியான்னு கேக்குறாரு, அக்கா" என்று தங்கம் மொழிபெயர்த்துவிட்டுப் பங்கஜத்தின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"எனக்கு ஹிந்தி தெரியும்டி. உனக்குத்தான் உப்பு தெரியல."

சத்தம், சிரிப்பு, ஏச்சு. கஞ்சியை நாய்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒவ்வொருத்தர் தட்டாக வாங்கிக் கொட்டிக்கொண்டு வந்த பங்கஜம், பலா மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த அழகேசனிடம் வந்தாள். அவர் தட்டு காலியாக இருந்தது. விரலால் வழித்துக் கொண்டிருந்தார். சத்தத்தை அவர் கவனிக்கவில்லை. இந்த முகாமில் சத்தம் இல்லாத காலைதான் ஏது?

"அண்ணே, கஞ்சி எப்படி இருந்துச்சு?"

"ஏன், நல்லாத்தான் இருந்துச்சு."

பங்கஜம் போய் இன்னொரு அகப்பை கொண்டுவந்து ஊற்றினாள். எதிரே நின்று பார்த்தாள். அவர் அதையும் குடித்தார்.

"எம்புட்டு நாளாண்ணே இப்படி?"

"எது எப்படி?"

"அந்தக் கஞ்சியை வாயில வைக்க முடியாம ஒரு முகாமே எந்திரிச்சுப் போயிருச்சு. நீங்க ரெண்டு தட்டு குடிச்சிருக்கீக."

அழகேசன் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "காய்ச்சல்லேருந்து" என்றார்.

"ஆத்தாடி! மாசியிலேருந்தா? அப்ப தினமும் கிணத்தடியில நின்னு கொப்பளிக்கிறீகளே, அது என்ன?"

பங்கஜம் கோபக்காரி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு நேரே மூன்றாம் கிணற்றுக்கு நடந்தாள். அவரும் பின்னால் போனார். கடல் ஏறியிருந்த நேரம். வாளி விட்டு இறைத்து ஒரு வாய் வைத்தவள் உடனே துப்பினாள்.

"இதுவா வெள்ளைத் துணித் தண்ணி? குழம்பு வைக்கலாம்ணே, உப்பே போட வேண்டாம்."

"கரையோரக் கிணறு, லேசா ஒரு கடுக்கல் எப்பவும் இருக்கும்" என்றார். அவர் குரலிலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை.

அவள் விவாதிக்கவில்லை. சமையல்கட்டுக்குத் திரும்பி, கஞ்சி மூடுகிற பெரிய அலுமினியத் தட்டை அடுப்பில் வைத்தாள். ஒரு ஓரத்தில் முதல் கிணற்றுத் தண்ணீர் ஒரு கரண்டி, மறு ஓரத்தில் மூன்றாம் கிணற்றுத் தண்ணீர் ஒரு கரண்டி. இரண்டும் சடசடவென்று கொதித்து வற்றின. முதல் கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் மெல்லிசாக ஒரு வளையம். மற்ற இடத்தில் வெள்ளை வெளேரென்று பொருக்கு. அழகேசன் நகத்தால் சுரண்டினார். உதிர்ந்து விரலில் ஒட்டியது. வாயில் வைத்துப் பார்க்கக் கை போனது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நேத்துப் போட்ட தூணு இந்தத் தண்ணிதானா?" பங்கஜம் மெதுவாகக் கேட்டாள்.

"இந்தத் தண்ணிதான்."

"இன்னிக்கு?"

"பத்து மணிக்கு அடுத்த கட்டம் போடுறாக."

தங்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "போய் அரிசி களை" என்று அவளை விரட்டிவிட்டுப் பங்கஜம் சொன்னாள்: "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. உங்க ஆர்டர் வரட்டும். கிணத்துல தண்ணி குறைஞ்சுபோச்சு, ரெண்டாம் கிணத்துல எடுங்கன்னு சொல்லிருங்க. பொய் இல்லையே. குறைஞ்சுதானே இருக்கு?"

நல்ல யோசனைதான். இன்றைய கான்கிரீட் தப்பிக்கும். அவரும் தப்பிப்பார். நேற்றுப் போட்டது மட்டும் உள்ளே உப்போடு நிற்கும். கம்பி உடனே துருப்பிடிக்காது. ஐந்து வருஷமோ எட்டு வருஷமோ ஆகும். துரு வீங்கும், கான்கிரீட் வெடிக்கும். அதற்குள் இன்ஜினியர் மாறியிருப்பார், முகாம் கலைந்திருக்கும், மரகதம் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவர் எழுந்து தன் கொட்டகைக்குப் போனார். டிரங்குப் பெட்டியில் சிவப்புத் துணி அடியில் கிடந்தது. மூன்றாம் கிணற்றடிக்கு வந்து வெள்ளையை அவிழ்த்துவிட்டுச் சிவப்பைக் கட்டினார். முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டார். கட்டி முடிப்பதற்குள் மிக்சர் பக்கத்திலிருந்து சர்தார் ஓடிவந்தார்.

"க்யா ஹுவா பாபு? காலையில வெள்ளை, இப்ப லால்?"

"பானி காரா ஹை. உப்பு."

சர்தார் கடலைக் கையால் காட்டிச் சிரித்தார். தூண் நிற்பதே உப்புக்குள்தானே, இதில் இரண்டு வாளி கூடினால் என்ன என்று ஹிந்தியில் கேட்டார்.

"வெளியே இருக்கட்டும் சர்தார். உள்ளே இருக்கக் கூடாது" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவிட்டு, அலுமினியத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜே.இ. கொட்டகைக்கு ஏறினார் அழகேசன்.

குருநாதன் வரைபடத்தை விரித்து வைத்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சிவப்புத் துணியை ஜன்னல் வழியாக ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"ரெண்டாம் கிணத்துல எடுக்கச் சொல்லுங்க. டீக் ஹை. அதுக்கு நீங்க ஏன் மேல ஏறி வரணும்?"

"நேத்துப் போட்டதும் இதே தண்ணி சார்."

"நேத்து நீங்க பார்த்தீங்கல்ல?"

"பாக்கல சார். வாயில வச்சேன். எனக்கு நாக்கு போயிருச்சு. காய்ச்சல் வந்ததிலேருந்து உப்பும் தெரியல, உறைப்பும் தெரியல. ஒரு மாசமா சும்மா கொப்பளிச்சுட்டு வெள்ளையைக் கட்டிட்டு இருந்தேன்." தட்டை மேஜைமேல் வைத்தார். "சமையல் பங்கஜம்தான் கண்டுபிடிச்சுச்சு."

குருநாதன் பொருக்கைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது. ரிஜிஸ்தரை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அழகேசனின் கோணல் எழுத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்து அழகாக இருந்தது.

"ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாமே?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அழகேசனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஆர்டர் வரட்டும்னு இருந்துட்டேன் சார்."

"பாட்டில் இல்லாம நாக்கை டெஸ்ட்டா எழுதினது நான். அதையும் எழுதத்தான் வேணும்." பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "இதை எழுதினா உங்க சிபாரிசு நிக்காது, அழகேசன். அதுல நான் எழுதினதே உங்க நாக்கைப் பத்தித்தான்."

"தெரியும் சார்."

அன்றே தூணை உடைக்கச் சொன்னார். ஒருநாள் காய்ந்த கான்கிரீட். கடப்பாரையும் சம்மட்டியுமாக இரண்டு நாள் உடைத்தார்கள். பங்குனி வெயில், கீழே பாறையில் அடிக்கிற அலை, கண்ணில் தெறிக்கிற சில். உடைக்கிறவர்கள் நாலு பாஷையிலும் பானி பாபுவை வாழ்த்தினார்கள். அவர் அங்கேயேதான் நின்றார். உடைத்த கல்லைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டினார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தலையில் சும்மாடு ஏறியபோது கழுத்து அதை மறக்காமல் வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமைப் படகில் குருநாதனின் ரிப்போர்ட் போனது. அதே படகில் பழுப்புப் பாட்டில் வந்தது. நசீருதீன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல், "ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாண்ணே" என்றார்.

"வந்திருந்தா என் நாக்கு செத்தது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும், பாய். குடுங்க" என்று வாங்கிக்கொண்டார் அழகேசன்.

ஆர்டர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, சிபாரிசு பரிசீலனைக்கு உரியதல்ல என்று ஒரு வரியில் பதில் வந்தது. வேலையைவிட்டு எடுக்கவில்லை, மஸ்டர் ரோலில் அப்படியே வைத்தார்கள். மூன்று கிணறும் பிளீச்சிங் பவுடரும் ஆறு கிண்ணமும் ரிஜிஸ்தரும் அவரிடமே இருந்தன. மாறியது ஒன்றுதான். விடியற்காலையில் மருந்து விட்டுப் பார்த்த பிறகும் அவர் துணி கட்டாமல் நிற்பார். பங்கஜம் தூக்கக் கலக்கத்தோடு வந்து மூன்று கிணற்றிலும் ஒரு வாய் வைத்துச் சொல்வாள். அதன் பிறகுதான் முடிச்சு. ரிஜிஸ்தரில் 'ருசி பார்த்தவர்' என்று ஒரு பத்தி கூடியது. அதில் அவள் பெருவிரல் ரேகை தினமும் விழுந்தது.

"எனக்கு இதுக்குத் தனிக் கூலி உண்டாண்ணே?" என்று கேட்பாள்.

"ஒரு மாசம் வாயை மூடிட்டு இரு. ஆர்டர் வரும்" என்பார். இருவரும் சிரிப்பார்கள், ரொம்ப நேரம் இல்லை.

மரகதத்துக்குக் குழாய் இந்த வருஷம் இல்லை என்று கடிதம் எழுதினார். ஏன் என்று எழுதவில்லை.

மறு வருஷம் ஜெட்டி முடிந்தது. திறப்பு விழாவுக்கென்று விட்ட படகில் மரகதம் பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். சின்னவள், உடைத்துப் புதிதாகக் கட்டிய மூன்றாவது தூணுக்கு மேலே நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். அழகேசன் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தேவையில்லை என்று இருந்தது.

மத்தியானம் பலா மரத்தடியில் உட்கார்ந்து, மரகதம் தூக்குச்சட்டியைத் திறந்தாள். மீன் குழம்பு. விடியற்காலையில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் வைத்தது. அவர் இரண்டு கவளம் சாப்பிட்டதும், எப்போதும் கேட்கிறதைக் கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?"

ஒரு வருஷத்துக்கு மேலாக எல்லோருக்கும் தெரிந்தது இவளுக்கு மட்டும்தான் தெரியாது. அவர் கவளத்தை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"எனக்குத் தெரியாது மரகதம். நாக்குல ருசி போயி ஒன்றரை வருஷம் ஆச்சு. அதான் ஆர்டர் வரல."

பிள்ளைகள் ஜெட்டியில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் அவர் தட்டிலிருந்தே ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் தூக்கல்தான்" என்றாள். "இனிமே நான் பாத்துச் சொல்றேன். சாப்பிடுங்க."